பத்து முதல் ஒன்று வரை என் ஷிப்ட்

ஜூன் 9, திங்கள்

இல்லை, சுமதி வேண்டாம். கெட்டவள் என்பதால் அல்ல. பக்கத்துக் குவார்ட்டர்ஸ், வேகமாகத் தட்டச்சு செய்வாள், கூப்பிட்டால் ஓடி வருவாள். எல்லாம் சரி. ஆனால் நான் பாதியில் விடும் வாக்கியத்தை அவள் முடித்துவிடுகிறாள். "அடுப்பு. அருகில் ஒரு பெண். பெயரில்லை." இது ஆய்வேட்டுக்காக நான் சொன்னது. திரையில் இருந்தது: "அடுப்பின் அருகில் பெயர் தெரியாத ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள்."

"முழுசா இல்லையேக்கா, அதான்" என்றாள்.

அந்தப் பெண்ணை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

வெயில். காற்றே இல்லை. இது பென்சிலில். விரல் ஏற்கெனவே மரக்கத் தொடங்கிவிட்டது.

நிலவரம், ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் பிறகு எழுத வேண்டாம்: மார்ச்சில் குள்ளஞ்சாவடிக்கு முன்னால் சரளையில் ஸ்கூட்டி சறுக்கியது. வேகம் என்னுடையது, தவறும் என்னுடையது. இரண்டு மணிக்கட்டும். எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்பு சேரவில்லை. ஒரு வருடம் ஆகலாம் என்கிறார் டாக்டர். அவரே "பார்க்கலாம்" என்றும் சொல்கிறார். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமைக்குள் போக வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது, பதிவு ரத்தாகும் என்று நெறியாளர் போனில் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

அப்பா: "ஒடம்பு சரியாவட்டும் பாப்பா. படிப்பு எங்க போவுது?"

போகும். சனிக்கிழமை போகும்.

போதும். விரல்

ஜூன் 10, செவ்வாய்

மெயின் பஜாரில் மைக் வாங்கினேன். கடைக்காரர்: "யூடியூப் சேனலாம்மா?" இல்லை என்றேன். "சமையல் சேனலா?" கிட்டத்தட்ட. என் ஆய்வு பழைய சமையல் புத்தகங்களின் முன்னுரைகள் பற்றியது. விளக்கவில்லை.

ஹாலில் அப்பாவின் கம்ப்யூட்டர். சம்பளச் சீட்டு பார்க்கவும் ரயில் டிக்கெட் போடவும் வாங்கியது. குரலால் இயக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, இதுவரை யாரும் தொட்டதில்லை. செட்டிங்க்ஸைத் திறக்க மட்டும் மூக்கு, முழங்கை, அம்மா. கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் எடுக்கும். எழுத்து தமிழில் வரும், வேறொரு ஜன்னலில். அதாவது ஏவுவது ஒரு மொழி, எண்ணுவது ஒரு மொழி. இந்தச் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்புக்குப் பொருத்தம்.

பழக்கப்படுத்த ஒரு பத்தி வாசிக்கச் சொன்னது. வாசித்தேன். திரையில் ஒரு பச்சைக் கோடு, சத்தத்துக்கு ஏற்ப எழ வேண்டியது. எழவில்லை. "சற்று உரக்கப் பேசவும்." வாசித்தேன். "சற்று உரக்கப் பேசவும்." மைக் கோளாறு என்று நினைத்தேன். அம்மா அடுக்களையிலிருந்து "இன்னும் எவ்ளோ நேரம்டி?" என்றாள். கோடு உச்சிக்குப் போய் வந்தது.

மைக் நன்றாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

இன்றிலிருந்து இந்த நாட்குறிப்பும் சொல்லி எழுதுவதுதான். ஆனால் போனில், பின்பக்கத் தோட்டத்தில், துணி துவைக்கிற கல்லின்மேல் போனைச் சாய்த்து வைத்து. இயலுக்குப் போன் போதாது. புத்தகப் படங்கள், அடிக்குறிப்புகள் எல்லாம் ஹாலில், பெரிய திரையில்.

என் குரல் பற்றி.

அப்பா சுரங்கத்தில், வெட்டிய மண்ணையும் கரியையும் கொண்டுபோகும் பெல்ட் பகுதியில். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து, குளித்து, எட்டுக்குப் படுப்பார். எட்டு முதல் இரண்டு வரை இந்த வீட்டில் சத்தம் கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. மிக்ஸி அவர் வருவதற்கு முன்பே ஓடி முடிந்திருக்கும். குக்கர் கிடையாது, வடித்த சோறு. காலிங் பெல் அணைத்திருக்கும். கேட் கொக்கியில் துணி சுற்றியிருக்கும். மீன்காரம்மாவுக்கு அம்மா தெருமுனையிலேயே கைகாட்டிவிடுவாள். நானும் அம்மாவும் உதட்டால் பேசுவோம், கையால் பேசுவோம். இரண்டு விரல் டீ. உள்ளங்கை கவிழ்த்தால் "அப்புறம்." கழுத்தைத் தொட்டால் "மாட்டினே."

பள்ளியில் டீச்சர்: "வாய்ல கொழுக்கட்டையா?" கல்லூரியில்: "அடக்கமான பொண்ணு." பல்கலைக்கழகக் கருத்தரங்கில்: "மைக்கை அருகில் வையுங்கள்." யாருக்கும் நான் விளக்கவில்லை. நைட் ஷிப்ட் வீட்டுக் குரல் இது.

இந்த வாரம் அப்பா காலை ஷிப்ட். பகலில் வீடு என்னுடையது.

ஜூன் 12, வியாழன்

"ஷோ நம்பர்ஸ்" என்றால் திரையில் அழுத்தக்கூடிய எல்லாவற்றின்மேலும் எண் முளைக்கிறது. எண்ணைச் சொன்னால் திறக்கிறது. இருபத்தேழு. பதினாறு. ஊரையே வட்டங்களாகப் பிரித்து எண் போட்ட இடத்தில் வட்டமும் குவார்ட்டர்ஸ் எண்ணும் சொல்லி வழிகேட்டு வளர்ந்தவளுக்கு இது எளிது.

"கோ டு ஸ்லீப்" என்றால் மைக் தூங்கும். "வேக் அப்" என்றால் விழிக்கும்.

உரக்கப் பேசுவது எளிதில்லை. முதல் ஒரு மணி நேரம் வேறு யாரோ என் வீட்டில் பேசுவதுபோல. வெட்கம். பிறகு கோபம், எதன்மேல் என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பக்கம்.

அம்மா வாசற்படியில் நின்று கேட்டாள். "ரசத்தப் பத்தி இவ்ளோ பேசறியே, ஒரு நாளு வெச்சிருக்கியாடி?"

"ரசத்தைப் பத்தி இல்லம்மா. முன்னுரையைப் பத்தி."

"அதக் குடிக்க முடியுமா?"

திரையில் நான் விட்ட இடைவெளி இடைவெளியாகவே இருந்தது. "அடுப்பு. அருகில் ஒரு பெண். பெயரில்லை." அவளை யாரும் நிற்க வைக்கவில்லை. நான் அழவில்லை. கோட்டைப் பார்த்தேன், நடுவில் நின்றிருந்தது.

ஜூன் 14, சனி

ஒன்பது பக்கம். இன்னும் பதினான்கு தேவை.

நேற்று மாலை முயன்றதில் பாடம். மைக்குக்கு என் குரல், அடுத்தவர் குரல் என்ற வேற்றுமை இல்லை. பக்கம் 8, மேற்கோளுக்குக் கீழே, சுத்தமான எழுத்தில்: "அவ இந்த வீட்டுக்கு மருமகளா வரவே கூடாது." டிவி. அதற்கடுத்து, "ஆறு மணி பஸ்ஸா, ஆறரையா?" அப்பா. இரண்டையும் அழித்தேன். முதலாவதை அழிக்கக் கொஞ்சம் மனமில்லை, இயலுக்குப் பொருந்தித்தான் இருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இந்த வட்டமே பேசுகிறது. ஆகவே முற்பகல் மட்டும். அதுவும் சத்தமில்லாத முற்பகல்.

திங்கள் இரவு முதல் அப்பாவுக்கு நைட் ஷிப்ட்.

அதாவது இந்த வீட்டில் கிடைப்பதிலேயே சுத்தமான நிசப்தம், எட்டு முதல் இரண்டு வரை, அடுத்த வாரம் தினமும் இருக்கும். நான் வாய் திறந்தால் போய்விடும்.

ஜூன் 16, திங்கள்

மாலை. அப்பாவின் டிபன் பை தயார். அம்மா கேட் கொக்கியில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எனக்குப் பேசணும்மா."

"ரெண்டு மணிக்கு மேல பேசு."

"ரெண்டு மணிக்கு மேல எல்லாரும் பேசறாங்க. மைக் எடுக்காது."

"மனுசன் ராத்திரி பூரா நின்னுக்கினு இருந்துட்டு வராரு. அவரு தூங்கறதா, உன் மைக் எடுக்கறதா?"

நியாயமான கேள்வி. எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று மூன்று பக்கம். மீதி பதினொன்று.

ஜூன் 17, செவ்வாய்

பக்கம்: பூஜ்யம்.

காலை எட்டேகால். அப்பா அறைக் கதவு சாத்தியாயிற்று. ஹாலில் உட்கார்ந்து, மைக்கை உதட்டில் ஒட்டி, மூச்சுக் குரலில், "வேக் அப்."

அம்மா பாய்ந்து வந்தாள். உதட்டால்: என்னா சொல்ற? வேக் அப்பா? உனக்கு பைத்தியமா?

உதட்டால் நான்: கம்ப்யூட்டரைச் சொன்னேன்.

அவள்: அதுக்கு வேற வார்த்தை இல்லியா?

இல்லை. நான் வைத்த பெயரா?

மைக் வயரைப் பிடுங்கினாள். எடுத்துக்கொண்டு போனாள். அடுக்களையில் சண்டை, முழுக்க முழுக்கச் சத்தமில்லாமல். அவள் இரண்டு கையாலும் பேசினாள். இருபது விதமாக என்னைத் திட்ட அவள் கைக்குத் தெரியும். என் விரல் பாதி மடங்கும், பாதி மடங்காது. "இன்னும் நாலு நாள்" என்று காட்ட நான்கு விரல் நிமிர்த்த முயன்றேன். இரண்டு நிமிர்ந்தது. அவள் அதை டீ என்று எடுத்துக்கொள்வதுபோல நடித்து, டம்ளரை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவ்வளவு கோபத்திலும் அவளுக்குக் கேலி வருகிறது.

கை இல்லாதவளுக்கு இந்த வீட்டில் சண்டைகூட இல்லை. இரண்டு மணி வரை அரிசி டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தேன். மைக் அதற்குள்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

நாளை பேசுவேன். அனுமதி கேட்க மாட்டேன்.

ஜூன் 18, புதன்

ஒன்பது மணி. மைக்கைச் செருகினேன், பல்லால். அம்மா குளியலறையில். என் உண்மையான குரலில், எனக்கு என்று ஒன்று இருக்கிற அளவுக்கு உரக்க: "வேக் அப்."

பச்சைக் கோடு முக்கால்.

"பத்தி நான்கு. முன்னுரையாசிரியர் 'சகோதரிகளே' என்று அழைக்கிறார். எந்தச் சகோதரி. அடுப்படியில் நிற்பவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவள் அடுப்படியில் இல்லை. அழைப்பு காலியிடத்துக்கு."

அம்மா ஈரத்தலையோடு வந்தாள். என் வாயைப் பொத்த வந்த கையை நான் விலக்கவில்லை, விலக்கக் கையில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினேன். "புள்ளி. புதிய பத்தி." அவள் அப்பா அறைக் கதவின்முன் போய் நின்றாள், சத்தம் உள்ளே போகாமல் தன் உடம்பால் அடைப்பதுபோல. நான் பேசிக்கொண்டே இருந்தேன். முக்கால் பக்கம். நிறுத்தவில்லை.

கதவு திறந்தது.

லுங்கி, பனியன், அப்பா. கண் சிவந்திருந்தது.

அம்மா: "நான் சொன்னேங்க. கேக்கல. புடிவாதம்."

நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தேன்: எனக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, உங்களுக்கு அடுத்த மாதமும் நைட் ஷிப்ட் வரும்.

அப்பா: "ஏன் நிறுத்திட்ட?"

"என்னது?"

"பேசு. நீ பேசிக்கினு இருந்தப்போ கண்ணு இழுத்துக்கினு போச்சி. நிறுத்தினதும் முழிப்பு வந்திடிச்சி."

யாரும் பேசவில்லை. அந்தப் பேசாமையை அவர் கையால் தட்டிவிட்டார், ஈயைப்போல.

"இதான். இதான் எனக்கு ஆவறதில்ல. அங்க ராத்திரி பூரா பெல்ட்டு ஓடிக்கினே இருக்கும். அது நின்னாதான் திக்குனு ஆவும். எங்க அறுந்துச்சி, எங்க அடச்சிதுனு எல்லாரும் ஓடுவோம். இங்க வந்து படுத்தா நின்னு போன மாதிரியே இருக்குது. ஒடம்பு எழுந்திரு எழுந்திருங்குது. எப்பிடித் தூங்கறது?"

அம்மா: "அப்ப இத்தினி நாளு?"

"கண்ண மூடிக்கினு படுத்திருப்பேன்."

"ரெண்டு மணி வரைக்குமா?"

"சாப்ட்டுட்டு டிவி முன்னாடி தூங்குவன் இல்ல? அதான் தூக்கம்."

டிவி முன்னால் அவர் தூங்குவதை நாங்கள் கொசுறு என்று நினைத்திருந்தோம்.

"நேத்துகூட ரெண்டு பேரும் சத்தமில்லாம சண்ட போட்டீங்க" என்றார். "கேட்டுச்சி."

"எப்படிப்பா?"

"வளையல்."

அம்மா தன் கையைப் பார்த்தாள். நான் கேட்டேன், இந்தமுறை குரல் தானாகவே உயர்ந்தது: "ஏம்பா ஒரு நாள்கூட சொல்லல?"

"உங்கம்மா கேட்டுக்கெல்லாம் துணி சுத்தறா. எந்த வாயால சொல்றது?"

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கதவைத் திறந்தே வைத்தார்.

எனக்குக் கோபம். நன்றியாக இருக்க வேண்டிய இடத்தில் கோபம். ஒரு வாக்கியம். இருபத்தாறு வருடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எனக்கு வேறு குரல் இருந்திருக்கும். அவர் அன்பாகப் படுத்திருந்தார், நாங்கள் அன்பாக மூச்சைப் பிடித்திருந்தோம். மூவரில் ஒருவர்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை. இப்படிப்பட்ட அன்பு எனக்கு வேண்டாம். வாசிக்கத் தெரியாதவளைச் "சகோதரி" என்று கூப்பிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்றரைப் பக்கம். மீதி ஒன்பதரை.

ஜூன் 19, வியாழன்

மிக்ஸி. காலை ஒன்பதரைக்கு. இந்த வீட்டில் நைட் ஷிப்ட் வாரத்தில் ஒன்பதரைக்கு மிக்ஸி ஓடி நான் கேட்டதே இல்லை. பிறகு குக்கர், ஆறு விசில். பிறகு போனில் பெரியம்மாவோடு, தெரு முழுக்கக் கேட்க: "ஆமாக்கா, அவருக்கு சத்தம்தான் புடிக்குமாம். இத்தினி வருசம் கழிச்சி சொல்றாரு. நான் கேட்டுக்குத் துணி சுத்திக்கினு கெடந்தேன், பைத்தியக்காரி." காலிங் பெல்லைப் போட்டுவிட்டு, தானே வெளியே போய் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

அப்பா உள்ளே குறட்டை.

திரையில்: "ஆமாக்கா அவருக்கு சத்தம்தான் புடிக்குமாம்." அழித்தேன். மறுபடி வந்தது. அழித்தேன்.

அவர் தூக்கத்துக்காக இருந்த நிசப்தம் போயிற்று. என் இயல் அதில்தான் உட்கார்ந்திருந்தது.

அம்மாவிடம் நிறுத்து என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவள் சத்தம் நியாயமானது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. இருபத்தாறு வருடத்துச் சத்தம், மொத்தமாக. இன்னொருவருக்காக அவளை மறுபடி உதட்டால் பேச வைக்கப்போகிற ஆள் நானா? ஆனால் பக்கம் ஒன்பதரை. நாள் மூன்று.

பத்து மணிக்கு அடுக்களை வாசலில் நின்றேன்.

"அம்மா. எனக்குப் பத்து முதல் ஒண்ணு வரைக்கும் வேணும்."

"என்னா வேணும்?"

"சத்தமில்லாம. மூணு மணி நேரம். அது என் ஷிப்ட்."

"ஓஹோ. கம்பெனியில இருந்து ஆர்டர் வந்திருக்குதா?"

"இல்ல. நானா கேக்கறேன்."

கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உங்கப்பாரு கேக்கவே இல்ல" என்றாள். "நானாதான் குடுத்தேன். வேணுமா வேணாமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல. நீ வாயத் தொறந்து கேக்கற. குடுக்கறதா வேணாமானு நான் சொல்லலாம் இல்ல?"

"சொல்லலாம்."

"மூணு நாளு. சனிக்கெழம வரைக்கும். ஒண்ணு அடிச்சா நான் பாட்டுக்கு என் வேலையப் பாப்பேன். கெஞ்சக் கூடாது."

"கெஞ்ச மாட்டேன்."

"துணியெல்லாம் சுத்த மாட்டேன்."

"வேண்டாம்."

மூன்றரைப் பக்கம். ஒரு மணிக்குமேல் ஒரு நிமிடம்கூட அவள் பொறுக்கவில்லை. ஒரு பெயர்ச்சொல்லின் நடுவில் மிக்ஸி.

ஜூன் 20, வெள்ளி

காலையிலேயே அனல். கரண்ட் பதினைந்து நிமிடம் போய் வந்தது. பதினைந்து நிமிடம் நஷ்டம். அம்மாவிடம் ஈடு கேட்கவில்லை.

வீட்டு நிலவரம்: அப்பா என் குரலுக்குத் தூங்குகிறார். அம்மா என் குரலுக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு, வளையல் சத்தம் போடாமல். நான் மட்டும் பேசுகிறேன். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததில்லை. என் மூன்றாம் இயல் ஒரு மனிதரை ஐந்து நிமிடத்தில் தூங்க வைக்கிறது என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு.

குறட்டையை எழுத்தாக்க இந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. நல்லது.

பன்னிரண்டு மணிக்கு அம்மா மெதுவாக, மைக்குக்கு எட்டாமல்: "அந்தப் பொம்பளைக்குப் பேரே இல்லியா?"

"எந்தப் பொம்பள?"

"அடுப்பாண்ட இருக்கறவ."

"புஸ்தகத்துல போடல."

"எழுதினவன் பேரு மட்டும் அட்டையில கொட்டையா போட்டிருக்குமே."

மைக்கை விழிக்க வைத்து அதை அப்படியே சொன்னேன், எழுத்துத் தமிழில். யாருடைய கருத்து என்று அடிக்குறிப்பில் அவள் பெயரைப் போட்டேன். கேட்டு உதட்டைச் சுழித்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான்கு பக்கம். மீதி இரண்டு, அடிக்குறிப்புகள் பன்னிரண்டு.

ஜூன் 21, சனி

மேகம். புழுக்கம். தொண்டை கட்டியிருந்தது, பனங்கற்கண்டு. குரல் உடைந்து வந்தாலும் கோடு எழுந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இயல் முடிந்தது. அடிக்குறிப்பு இரண்டு பாக்கி. பதினொன்றாவதன் நடுவில் ஒரு மணி. அம்மா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கெஞ்சவில்லை. அவளும் விடவில்லை. புளித் துவையலுக்குத் தேங்காய், மிளகாய். மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது, தேவைக்கு மேல் என்றுதான் தோன்றியது. "கோ டு ஸ்லீப்" கூட மைக்குக்குக் கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில நிமிடம்தான். அதுவே அரை நாள் மாதிரி.

நின்றது. பதினொன்று, பன்னிரண்டு. இணைப்பு. நெறியாளர் முகவரி. "ஷோ நம்பர்ஸ்." ஒன்பது என்பது அனுப்பு.

"ஒன்பது" என்று சொன்னேன், ஆங்கிலத்தில், தேவைக்கு மேல் உரக்க. அப்பா உள்ளே புரண்டு படுத்தார்.

அம்மா: "போய்டிச்சா?"

"போயிடுச்சி."

"என்னா சொல்றாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. வரும்."

"என் மூணு நாளு முடிஞ்சிது."

"தெரியும். நாலாம் இயலுக்குத் திங்கக்கிழம கேப்பேன்."

"குடுக்க மாட்டேன்."

"கேப்பேன்."

"கேளு. குடுக்க மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் அடுக்களைக்குப் போய், மிக்ஸி ஜாரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, துவையலைக் கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டேன்.